பதினோராவது மரணம்

அமெரிக்காவில் ஒரு பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தால், மறுநாள் வரும் செய்தியின் முதல் வாக்கியம் பல நேரங்களில் இரண்டாகப் பிரிந்தே எழுதப்படுகிறது. இத்தனை பேர் கொல்லப்பட்டனர் என்பது ஒரு பாதி. சுட்டவனும் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தான் என்பது மறு பாதி. அப்படிப் பிரிப்பதில் தவறில்லை. கொன்றவனையும் கொல்லப்பட்ட குழந்தைகளையும் ஒரே வரிசையில் நிறுத்த எந்த மனமும் ஒப்பாது. ஆனால் அந்த மறு பாதியிலும் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயும் தகப்பனும் இருக்கிறார்கள் என்பதையும், அவர்கள் அழுவதற்கு ஊரில் எங்கும் இடம் கிடையாது என்பதையும் நேருக்கு நேர் எடுத்துப் பேசத் துணிந்த படங்கள் மிகக் குறைவு. பிரான் கிரான்ஸ் எழுதி இயக்கிய 'மாஸ்' அந்தக் குறைவானவற்றுள் ஒன்று. இந்தப் பொருளில் நான் பார்த்தவற்றுள் இதுவே தலைசிறந்தது என்றும் எண்ணுகிறேன்.

2021 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த படம் இது. அதுவரை நடிகராக மட்டுமே அறியப்பட்டிருந்த கிரான்ஸுக்கு இயக்குநராக இதுவே முதல் படம். 2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடா மாநிலம் பார்க்லாண்டில் 17 பேர் கொல்லப்பட்டபோது அவர் ஒரு சிறு பெண் குழந்தைக்குத் தகப்பனாகியிருந்தார். அந்தச் செய்தி உண்டாக்கிய கலக்கத்திலிருந்தே இதை எழுதத் தொடங்கினார். கொலையாளிகளும் கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தாரும் ஒரே அறையில் அமர்ந்து பேசிய தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அவர் மனத்தில் இருந்தது. அதனால்தானோ என்னவோ, படம் ஏறக்குறைய முழுவதும் ஒரே அறைக்குள் நடக்கிறது. ஒரு சிற்றூர் எபிஸ்கோப்பல் தேவாலயத்தின் பின்புற அறை, ஒரு மேசை, அதைச் சுற்றி நான்கு பேர். சுட்டுக் கொல்லப்பட்ட 'எவன்' என்ற பெயருடைய மாணவனின் பெற்றோர் ஜேயும் கெய்லும் ஒரு பக்கம். சுட்ட ஹேடனின் பெற்றோர் ரிச்சர்டும் லிண்டாவும் மறு பக்கம். சம்பவம் நடந்து சில ஆண்டுகள் கழிந்துவிட்டன. துப்பாக்கி ஒரு முறைகூடக் காட்டப்படுவதில்லை. நினைவுக்காட்சி என்று ஒரு நொடியும் கிடையாது.

அந்த நால்வரும் அறைக்குள் வந்து சேர்வதற்கு முன்பே படம் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. தேவாலய ஊழியரான ஜூடி மேசையைத் துடைக்கிறாள். உண்பதற்கு ஏதேதோ எடுத்து அடுக்குகிறாள். அடுக்கியது அதிகமோ என்று தவிக்கிறாள். இந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்த கென்ட்ரா என்ற பெண் வந்து ஒவ்வொன்றையும் சோதிக்கிறாள். மேலே இசை வகுப்பு நடக்குமா, சத்தம் கீழே கேட்குமா, யாராவது தவறிப்போய்க் கதவைத் திறந்துவிடுவார்களா என்றெல்லாம் கேட்கிறாள். மூக்குத் துடைக்கும் காகிதப் பெட்டியை எங்கே வைப்பது என்பது அங்கே ஒரு பெரிய கேள்வியாகிவிடுகிறது. மேசையின் நட்டநடுவில் வைத்தால் 'நீங்கள் அழ வேண்டும்' என்று சொல்வது போலாகும். எட்டத்தில் வைத்தால் அழுகிறவர் எழுந்து நடக்க வேண்டியிருக்கும். அந்தப் பெட்டி இடம் மாறும் அந்தச் சில நொடிகளில், இன்னும் வந்து சேராத நான்கு பேரின் துயரம் எவ்வளவு பெரியது என்பது ஒரு சொல்லும் இல்லாமல் நமக்குத் தெரிந்துவிடுகிறது. துயரத்தில் இருப்பவர்களுக்காக ஒரு அறையைத் தயார் செய்வது என்பதும் ஒரு வகைச் சேவை என்று இந்தப் படம் நினைக்கிறது. அதை அது கேலி செய்யாமல் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பேச்சு உபசாரத்தில்தான் தொடங்குகிறது. லிண்டா கெய்லுக்காகப் பூக்கள் கொண்டுவந்திருக்கிறாள். பூக்களை மேசையில் வைத்தால் ஒருவர் முகம் மற்றவருக்கு மறைகிறது. எடுத்து ஓரமாக வைத்தால் கொண்டுவந்தவள் மனம் புண்படுமோ என்ற சங்கடம். பிறகு பிள்ளைகளின் புகைப்படங்கள் கை மாறுகின்றன. அதன் பின் ஜேயும் ரிச்சர்டும் துப்பாக்கிச் சட்டம், மனநலம், வீடியோ கேம் என்று காரணங்களைப் பற்றி வாதிடத் தொடங்கும்போது, இரண்டு ஆண்கள் புள்ளிவிவரங்களின் பின்னால் ஒளிந்துகொள்வதைப் பார்த்துக்கொண்டே கெய்ல் பேசாமல் அமர்ந்திருக்கிறாள். அவள் வந்தது அதற்காக இல்லை. உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்பதுதான் அவளது கோரிக்கை. எதற்காக அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி எழும்போது, அவன் என் மகனைக் கொன்றவன் என்பதால் என்று அவள் வெடிக்கிறாள். படத்தின் அச்சு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு வரும் நீண்ட பகுதி கேட்பதற்கு மிகக் கடினமானது. ஹேடனின் குழந்தைப் பருவம், வீடு மாறியது, தனிமை, மருத்துவரிடம் அழைத்துப்போனது, கொஞ்சம் தேறிவிட்டான் என்று பெற்றோர் நம்பிய காலம் எல்லாம் ஒவ்வொன்றாக மேசைக்கு வருகின்றன. கேட்கும் நாமும் ஜேயைப் போலவே ஓர் ஓட்டையைத் தேடிக்கொண்டிருக்கிறோம்: இதோ, இங்கேதான் தவறவிட்டார்கள், இந்த இடத்தில் கவனித்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று சுட்டிக்காட்ட ஓரிடம். அப்படிச் சுட்டிக்காட்டத்தக்க இடங்கள் பல இருக்கவே செய்கின்றன. ஆனால் அவற்றில் எதுவும் நடந்ததன் அளவுக்கு ஈடாகவில்லை. பள்ளியில் கேலி செய்யப்படும், நண்பர்கள் இல்லாத, அறைக்குள் அடைந்து கிடக்கும் சிறுவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் யாரையும் கொல்வதில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிடும் படங்களை எனக்கு இப்போதெல்லாம் நம்ப முடிவதில்லை. 'மாஸ்' அந்த ஆறுதலைத் தர மறுக்கிறது. தருவது நேர்மையாகாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

உலகம் பத்துப் பேருக்காக அழுதது, நாங்கள் பதினோரு பேருக்காக அழுதோம் என்ற பொருளில் சுட்டவனின் பெற்றோர் தரப்பிலிருந்து ஒரு பேச்சு வருகிறது. அந்த வரியைக் கேட்டதும் எனக்குக் கொலம்பைன் நினைவுக்கு வந்தது. 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் அந்தப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றுவிட்டுத் தாங்களும் இறந்தார்கள். சில நாட்களில் பள்ளியை ஒட்டிய குன்றின் மேல் ஒரு தச்சர் 15 மரச் சிலுவைகளை நட்டார். கொல்லப்பட்ட ஒரு மாணவனின் தந்தை வந்து அவற்றுள் இரண்டைப் பிடுங்கி எறிந்தார். 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டபோதும் இதே போன்று நடந்தது. மாணவர்கள் வைத்த அஞ்சலிக் கற்கள் 33. முப்பத்து மூன்றாவது கல் சுட்டவனுக்காக. அது ஓரிரவில் அகற்றப்பட்டது, மீண்டும் வைக்கப்பட்டது, இறுதியில் நிலையான நினைவிடம் 32 கற்களோடு அமைந்தது. சிலுவையைப் பிடுங்கிய தந்தையை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவரிடத்தில் இருந்தால் நானும் பிடுங்கியிருப்பேன். கல்லைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தவரையும் குறை சொல்ல முடியவில்லை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் நெஞ்சில் வைத்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் இந்தப் படம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் முயன்று பார்க்கிறது.

இதற்கு நடிகர்கள் நால்வரும் தங்களை முழுமையாகக் கொடுத்திருக்கிறார்கள். ஜேசன் ஐசக்ஸின் ஜே, அறிவோடும் பொறுமையோடும் பேசப் பழகிக்கொண்டவராக வந்து அமர்கிறார். அந்தப் பழக்கம் எந்தக் கணத்தில் உடையும் என்று நமக்குத் தெரியாது. கெய்லாக வரும் மார்த்தா பிளிம்ப்டனின் முகம் பல நிமிடங்கள் எதுவும் சொல்லாமலே படத்தைத் தாங்குகிறது. லிண்டாவாக நடித்த ஆன் டவுட் பரவலாகப் பாராட்டப்பட்டார். பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டாவுக்கான பரிந்துரையும் அவருக்குக் கிடைத்தது. அதில் ஒரு எழுத்தையும் குறைக்க எனக்கு விருப்பமில்லை. எனினும் நான் தனியே பேச விரும்புவது ரிச்சர்டாக வரும் ரீட் பர்னியைப் பற்றி. அவருடைய ரிச்சர்ட் விறைப்பானவர், எல்லாவற்றையும் அளந்து பேசுகிறவர். காவல்துறைக்கும் வழக்கறிஞர்களுக்கும் பதில் சொல்லிச் சொல்லியே ஒரு மனிதனின் குரல் இப்படித் தட்டையாகிப் போயிருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். கண்ணீர் விடும் தாய்க்கு உடனே இரங்கிவிடும் நாம், கண்ணீர் விடத் தெரியாத தகப்பனுக்கு இரங்கத் தயங்குகிறோம். அந்தத் தயக்கத்தைக் கணக்கில் கொண்டே அவருடைய பாத்திரம் எழுதப்பட்டிருக்கிறது. படம் முடிந்து நெடுநேரம் கழித்தும் அவரையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இறுதிக் கட்டத்தில் கெய்ல் மன்னிக்கிறாள். பலருக்கு இந்த இடத்தில் தயக்கம் எழலாம். முதல் முறை பார்த்தபோது எனக்கும் எழுந்தது. ஓர் உரையாடலின் முடிவில் மன்னிப்பு வந்துவிடுமா, துயரப்பட்டவர்கள் மீது மன்னிக்க வேண்டிய கடமையையும் சேர்த்துச் சுமத்துகிறோமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கெய்ல் எதை விட்டுவிடுகிறாள் என்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாக வலிதான் அவளை மகனோடு பிணைத்து வைத்திருந்தது; வலியை விட்டால் மகனையும் விட்டுவிடுவோம் என்ற அச்சமே அவளை வதைத்திருக்கிறது. எதிரே இருப்பவர்கள் எந்தத் திருப்தியான விளக்கமும் தரவில்லை. அவர்களிடம் தருவதற்கு இல்லை. பதில் கிடைத்ததற்குக் கூலியாக அவள் மன்னிக்கவில்லை, பதில் கிடைக்காது என்று தெரிந்த பிறகே மன்னிக்கிறாள்.

இப்படி நடப்பது கதைகளில் மட்டும்தான் என்று சொல்பவர்கள் 2006 அக்டோபர் 2 அன்று பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். நவீன வசதிகளை ஒதுக்கி எளிமையாக வாழும் கிறித்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களின் ஒற்றை அறைப் பள்ளிக்குள் நுழைந்த ஒருவன் பத்துச் சிறுமிகளைச் சுட்டான். ஐந்து பேர் இறந்தார்கள். அன்றே ஆமிஷ் மக்கள் சிலர் அவனுடைய குடும்பத்தாரைத் தேடிப்போய்த் தேற்றினார்கள். அவனுடைய அடக்கத்துக்கும் அவர்கள் திரளாகச் சென்றார்கள். அவன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் நிதி திரட்டினார்கள். அது அவர்களுடைய சமய வாழ்வில் ஊறிய வழக்கம். அதை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. கெய்லுக்கு அப்படி ஒரு சமூகத்தின் தாங்குதல் இல்லை. அவள் அதைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்தக் காட்சியில் அவள் சொற்கள் தடுமாறித் தடுமாறி வருகின்றன.

ஆனாலும் படத்தின் உச்சம் அந்த மன்னிப்பு இல்லை என்பேன். எல்லாம் முடிந்து கிளம்பிய பிறகு லிண்டா தனியாகத் திரும்பி வந்து ஒன்றைச் சொல்கிறாள். ஒரு நாள் ஹேடன் கோபத்தின் உச்சத்தில் அவளை அடிப்பேன் என்று மிரட்டியிருக்கிறான். அவள் அஞ்சித் தன் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். அடிக்கட்டும் என்று நின்றிருக்க வேண்டும், நின்றிருந்தால் அவன் யார் என்று அப்போதே எனக்குத் தெரிந்திருக்கும் என்கிறாள். எந்த விசாரணையிலும் கேட்கப்படாத, எந்த வாக்குமூலத்திலும் இடம்பெறாத ஒரு சிறு நிகழ்ச்சி அது. கேட்ட கெய்ல் அவளை அணைத்துக்கொள்கிறாள். இதைச் சொல்ல லிண்டாவுக்கு இருக்கும் ஒரே ஆள், தன் பிள்ளை கொன்றுவிட்ட பிள்ளையின் தாய்தான் என்பதை நினைக்கும்போது தொண்டை அடைக்கிறது.

படத்தின் மீது வைக்கப்படக்கூடிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு: துப்பாக்கியைப் பற்றிய அரசியலை அது அறைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது என்பது. சாண்டி ஹூக்கில் 2012 டிசம்பரில் 20 குழந்தைகள் கொல்லப்பட்ட நாட்டில், யூவால்டியில் 2022 மே மாதம் மறுபடியும் 19 குழந்தைகள் கொல்லப்பட்ட நாட்டில், நான்கு பேரின் உள்ளத்தை மட்டும் பேசுவது போதுமா என்று கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அதே வேளை, படம் வெளிவந்த சில வாரங்களிலேயே, 2021 நவம்பர் 30 அன்று, மிச்சிகனின் ஆக்ஸ்போர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் நான்கு மாணவர்களைக் கொன்றதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கிறேன். அவனுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்த தாயும் தகப்பனும் 2024-இல் தனித்தனியே விசாரிக்கப்பட்டு, உள்நோக்கமற்ற கொலைக் குற்றத்துக்காகப் பத்து முதல் பதினைந்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்கள். பிள்ளை நடத்திய பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்காகப் பெற்றோர் இவ்வாறு தண்டிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. அந்தத் தீர்ப்பு சரியானது என்றே கருதுகிறேன். வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்காத பெற்றோரை நீதிமன்றம் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே எழுந்த கேள்விக்குக் குற்றவாளி, நிரபராதி என்ற இரண்டு விடைகளே இருந்தன. கெய்ல் கேட்டது அந்த இரண்டுக்குள்ளும் அடங்காதது. அதைக் கேட்பதற்கு அந்த நீதிமன்றத்தில் இடமில்லை. ஒரு தேவாலயத்தின் பின்னறையைக் கேட்டு வாங்கித்தான் அவர்கள் பேச வேண்டியிருக்கிறது.