மற்ற கட்டங்களில் இருந்தது

"அக்கா, மத்த கட்டத்துல எடுத்த படத்தையும் போடணுமா?" என்று ஆய்வு மாணவன் ஒருவன், தன் பேப்பருக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களைப் பொறுக்கும்போது கேட்டான். "போடு" என்றேன். அந்தப் பதிலை இன்னும் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன்.

வேண்டாம் என்று அவனுடைய கைடு ஏற்கனவே சொல்லியிருந்தார். அவர் எடுத்து வைத்த படம் நிஜமாகவே அழகு. ஒலியிக் அமிலம் போர்த்திய 10 நானோமீட்டர் இரும்பு ஆக்சைடு துகள்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு. திரையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை வரிசை குலையவில்லை. அதே கிரிட்டில், அதாவது மாதிரியைத் தாங்கி நுண்ணோக்கிக்குள் போகும் சின்னச் சல்லடையில், சில கட்டங்கள் தள்ளிப் போனால் துகள்கள் தாறுமாறாகக் குவிந்து கிடந்தன. இரண்டும் டொலுயீன் என்ற கரைப்பானின் ஒரே சொட்டு உலர்ந்து வந்தவை.

என் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. இந்தத் துகள்களை யாரும் அடுக்குவதில்லை. கரைப்பான் ஆவியாக ஆவியாக நெருக்கம் கூடுகிறது. ஒரே அளவுள்ள கடினக் கோளங்களாக, அதாவது ஒன்றையொன்று ஈர்க்காமல் முட்டிக்கொள்ள மட்டும் செய்யும் குண்டுகளாக இருந்தால், கன அளவில் 49.4 சதவீதத்தைத் தாண்டியதும் படிகம் பிறக்கத் தொடங்கலாம். வரிசையில் நின்றால்தான் ஒவ்வொன்றுக்கும் அசைய இடம் அதிகம். அதனால் மொத்த என்ட்ரோபி, அதாவது துகள்கள் இருக்கக்கூடிய விதங்களின் அளவு, ஏறுகிறது. 1957-இல் ஆல்டர், வெயின்ரைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணினியில் காட்டிய அந்தப் படிகமாதலை அப்போது பலரால் ஏற்க முடியவில்லை. ஆனால் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்கத் துகளுக்கு நேரம் வேண்டும். சீக்கிரம் உலர்ந்த பகுதியில் வந்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். கோளக் கணக்கில் சுமார் 64 சதவீதத்தில் நின்றுவிடும், படிகத்தின் 74-ஐ எட்டாது. அந்தக் குவியலைக் கழிவு என்று எப்படி ஒதுக்குவது? எவ்வளவு மெதுவாக உலர்த்த வேண்டும் என்பதை அதுதானே சொல்கிறது.

இதையெல்லாம் அவனிடம் சொன்னேன், தலையாட்டினான். அவனுடைய ஃபெலோஷிப் முடியப்போகிறது என்பது எனக்கும் தெரியும், அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டு படங்களோடும் பேப்பர் போனது. இதழின் மதிப்பீட்டாளர் சரியாக அங்கேயே கை வைத்தார்: மொத்தத்தில் எவ்வளவு பங்கு ஒழுங்காக இருக்கிறது? சிறுகோண எக்ஸ்-கதிர் சிதறல் எடுத்துக் காட்டுங்கள். ஒரு மூலையை மட்டும் பார்க்காமல் பெரிய பரப்பின் ஒழுங்கை ஒன்றாக அளக்கும் முறை அது. அந்தக் கருவி வேறு ஊரில், வரிசையும் நீளம். பேப்பர் இழுத்துக்கொண்டே போனது. அது வெளிவருமுன் பையன் ஒரு கம்பெனி வேலையில் சேர்ந்துவிட்டான்.

அழகான படத்தை மட்டும் அனுப்பியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காதோ? ஒரு படம் என்றால் அது நன்றாக வந்த இடம் என்று இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததையே சொல்ல அவனுடைய மாதங்களை நான் செலவழித்தேனா? 1995-இல் காட்மியம் செலினைடு துகள்களை முப்பரிமாணப் படிகமாக்கிக் காட்டிய மர்ரே, காகன், பவெண்டி மூவரும் நுண்ணோக்கிப் படத்தோடு நிற்காமல் எக்ஸ்-கதிர் அளவீட்டையும் சேர்த்தே வைத்தார்கள். அதை நினைத்தால் தெம்பு வருகிறது. உடனே, அது அவனுடைய பேப்பர், கைடுக்கும் அவனுக்கும் நடுவில் நீ யார் என்றும் தோன்றுகிறது.

பின்னால் ஒருமுறை போனில், "நீங்க சொன்னது சரிதான்க்கா" என்றான். மரியாதைக்குச் சொன்னானா, மனசாரச் சொன்னானா, பிடிபடவில்லை.

இப்போது வரும் பிள்ளைகளிடம், கிரிட்டை உள்ளே செருகுமுன்பே எந்தெந்தக் கட்டத்தைப் படமெடுப்பது என்று நோட்டில் எழுதச் சொல்கிறேன். நுண்ணோக்கியில் கிடைக்கிற நேரத்தில் பாதி ஒன்றுமில்லாத இடத்துக்கே போய்விடுகிறது என்று போன வாரம் ஒரு பெண் வருத்தப்பட்டாள். அவள் சொல்வதும் நியாயம்தான். விதியை இன்னும் மாற்றவில்லை.