என் குரலைக் குறைத்துவிடுங்கள்

நியூயார்க்கில் முற்போக்கு யூதர்களின் தொழுகைக் கூடம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒலியமைப்பைக் கவனித்துவருகிறேன். மேடையேறும் எவரும் மைக்கைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லியே கேட்டுப் பழகிய எனக்கு, கையில் கிட்டாரோடு வந்து நின்ற அந்தப் பெண் ரபி (யூத மதகுரு) முதல் நாளே, "மூன்றாவது பாட்டிலிருந்து என் குரலைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்" என்றது விளங்கவில்லை.

சூரியன் சாய்ந்ததும் சபாத் என்னும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். மரபு வழுவாத யூதர்கள் அன்று வாத்தியம் வாசிப்பதில்லை. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட துக்கம் அதற்கு ஒரு காரணம். வாத்தியம் பழுதானால் அதைச் சரிசெய்யக் கை போய்விடுமே என்ற, யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூதின் அச்சம் இன்னொன்று. விலக்கப்பட்டது என் தொழிலேதான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டதுண்டு. 1818இல் ஹாம்பர்க்கின் சீர்திருத்த யூதர்கள் தங்கள் ஆலயத்தில் ஆர்கன் இசையைச் சேர்த்தபோது எழுந்த சச்சரவு சிறிதல்ல. இன்றோ, தந்தி அறுந்தால் பின்னறையிலிருந்து மாற்றுக் கிட்டாரோடு ஓடிவருகிறேன்.

'லெகா தோதி' பாடலின் கடைசிச் சரணத்தில், சபாத்தை மணப்பெண்ணாக வரவேற்கச் சபை முழுவதும் வாசலை நோக்கித் திரும்பும். ரபியும் திரும்புவார், மைக் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தொடக்கத்தில் பதறிப்போய், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை மேலே தள்ளுவேன், ஸ்பீக்கர் வீறிடும். பல வாரங்கள் கழித்தே அந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கற்றேன். அப்போது கூடத்தில் கேட்பது சபையின் குரல்தான். அதற்குள் ரபியின் குரல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

பாட்டுகளின் இரைச்சலை அகற்று, நீதி வற்றாத நதியாய்ப் புரண்டு வரட்டும் என்று எபிரேய வேதத்தில் கடிந்துகொண்ட ஆமோஸ் தீர்க்கதரிசியைத்தான் அவர் அடிக்கடி எடுத்துப் பேசுவார். பாடும் ரபிக்கு இதைவிடச் சங்கடமான வசனம் கிடையாது. அவருடைய கிட்டார் உறைக்குள் மடித்து வைத்த தாள் ஒன்று இருக்கும். 1964 ஜூனில், மார்ட்டின் லூதர் கிங்கின் அழைப்பை ஏற்று ஃப்ளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகருக்குப் போய்க் கைதான சீர்திருத்த ரபிகள், தாங்கள் வந்தது ஏன் என்று சிறையிலிருந்தே எழுதிய கடிதத்தின் நகல் அது. ஆனாலும் அவருடைய பிரசங்கம் சில வாரங்களில் சங்கத் தீர்மானம் போல நீண்டுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். நாற்காலிகள் நெளியும் ஓசை என் ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். அரசியல் போதும் என்று விலகிப்போன குடும்பங்களும் உண்டு.

குடியேறிகளை அடைத்துவைத்திருந்த ஒரு மையத்தின் எதிரே சென்ற ஆண்டு கூடியபோது, பேட்டரி ஸ்பீக்கரை நான்தான் சுமந்துபோனேன். பாட்டின் பாதியில், மழை ஈரத்தில் அது அடங்கிப்போனது. குனிந்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தவன், தலைக்குமேல் சொற்களே இல்லாத 'நிகுன்' மெட்டு ஒன்று பெருகுவதைக் கேட்டு நிமிர்ந்தேன். ரபி கிட்டாரை உறையிலிட்டு மூடிக்கொண்டிருந்தார்.