கழுத்தைத் திருப்பப் பயந்த மாதங்கள்

கழுத்து வலிக்கு எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டில் டிஸ்க் தேய்மானம், அதாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பது தேய்ந்திருக்கிறது என்று போட்டிருந்தது. அதைப் படித்த நாள் முதல் கழுத்தை அசைக்கவே பயம். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திரும்புவேன். தூங்கும்போதுகூடக் கழுத்தை அசையவிடாத காலர் பட்டை. ஏழு மாதம் இப்படியே போனது. வலி குறையவில்லை, கூடியது.

கைப்பிடியில் பலம் இருக்கிறதா, விரல் மரத்துப்போகிறதா, நடை தடுமாறுகிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா என்று டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டார். பயப்படும்படி எதுவும் இல்லை. கழுத்து வலியே இல்லாதவர்களுக்கும் வயது ஏற ஏற ஸ்கேனில் இந்தத் தேய்மானம் தெரியும் என்றார். எனக்கு ஆறுதலாக இல்லை. அப்படியானால் என் வலி பொய்யா என்று கோபம்தான் வந்தது.

அவர் அனுப்பிய பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். 13 வாக்கியங்கள். இது தீரவே தீராது, ஏதோ மோசமாக நடக்கப்போகிறது, என்னால் தாங்க முடியாது என்கிற மாதிரியான நினைப்புகள். வலிக்கும்போது எந்த அளவுக்கு அப்படி நினைக்கிறோம் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 52. எனக்கு 38 வந்தது. யாரிடமும் சொல்லாமல் ராத்திரி முழுக்க நான் நினைத்துக் கிடந்ததெல்லாம் அந்தத் தாளில் இருந்தது. கண் கலங்கிவிட்டது.

"வலி நிஜம்தான். கற்பனைன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க" என்றார் அவர். மூன்று மாதம் தாண்டிய வலியில் டிஸ்க்கும் தசையும் மட்டும் கணக்கில்லையாம். பயம், தூக்கமின்மை, மனச்சோர்வு, வேலை நெருக்கடி எல்லாம் நரம்பு மண்டலத்தை உஷாராகவே வைத்திருந்தால் சின்ன இழுப்பும் பெரிய வலியாகத் தெரியுமாம். பயந்து அசைக்காமல் இருந்தால் தசை பலம் இழக்கும், அப்புறம் அசைத்தால் வலிக்கும், பயம் இன்னும் கூடும். என் ஏழு மாதமும் அதுதான்.

இரண்டு வாரம் நோட்டில் எழுதச் சொன்னார்: வலி எவ்வளவு, தூக்கம் எத்தனை மணி, அன்று என்ன நடந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த நேரத்துக்கும் வலிக்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. தூங்காத இரவுக்கு மறுநாளும், மேலதிகாரியிடம் பேச வேண்டிய நாளுக்கு முந்தின நாளும்தான் வலி ஏறியிருந்தது.

அடுத்து, பயப்படும் அசைவுகளை எழுதி, குறைந்த பயத்திலிருந்து ஒவ்வொன்றாகச் செய்யவேண்டும். அண்ணாந்து பார்ப்பது, வாளி தூக்குவது, கடைசியாக வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தலையைத் திருப்புவது. செய்யுமுன் என்ன ஆகும் என்று நினைக்கிறேனோ அதையும், செய்தபின் என்ன ஆனது என்பதையும் எழுதுவேன். "நரம்பு பிடித்துக்கொள்ளும்" என்று முன்னால் எழுதியிருப்பேன். "இழுத்தது, 20 நிமிடத்தில் சரியானது" என்று பின்னால் எழுதுவேன். இந்த இரண்டு வரிகள்தான் எனக்கு மருந்தாக வேலை செய்தன என்று உறுதியாக நம்புகிறேன். தூக்கத்துக்கும் மனப்பதற்றத்துக்கும் தனியாக ஆலோசகரிடம் ஆறு தடவை போனேன்.

வலி முழுக்கப் போய்விடவில்லை. போன வாரம் இரண்டு நாள் நன்றாகவே வலித்தது. நோட்டைப் பார்த்தால் அதற்கு முன் மூன்று இரவு சரியான தூக்கமில்லை. சரி என்று பயிற்சியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு சீக்கிரம் படுத்தேன். காலரைத் தேடவில்லை. மூன்றாம் நாள் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தேன்.