வேலி சாய்ந்தால் முதலில் அதன் கால்களைப் பாருங்கள்

மரவேலி பழசாகி, நிறம் மங்கி, ஒரு பக்கமாக லேசாகச் சாயத் தொடங்கியதும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசு போட்டுவிடு. எங்கள் வீட்டு வேலிக்கும் அதே யோசனைதான் வந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒவ்வொரு காலாக, ஒவ்வொரு பலகையாகத் தட்டியும் குத்தியும் பார்த்த பிறகு ஒன்று தெளிவாகிவிட்டது, வேலி முழுசும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவதில்லை. முதலில் கெடுவது பெரும்பாலும் கால்கள்தான், அந்தக் கால்களிலும் தரைமட்டத்தை ஒட்டி மேலும் கீழுமாக ஒரு சாண் அளவுதான். அந்த ஒரு சாணைக் கவனித்துவிட்டால் மீதி மரத்தில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம். கவனிக்காமல் பலகைக்கு எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் அடுத்த பெருங்காற்றில் வேலி படுத்துவிடும்.

ஏன் அந்த இடம் மட்டும்? மரத்தை இற்றுப்போக வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் வளர முடியாது. மேலே இருக்கும் பகுதி மழையில் நனைந்தாலும் வெயிலும் காற்றும் பட்டுக் காய்ந்துவிடுகிறது. ஆழத்தில் புதைந்திருக்கும் பகுதியில் ஈரம் இருந்தாலும் காற்று போதாது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது தரைமட்டத்தில்தான். பழைய காலைத் தோண்டி எடுத்துப் பார்த்தால் அடிமுனை கெட்டியாக இருக்கும், மேல்பாதி கெட்டியாக இருக்கும், நடுவில் மட்டும் கையால் பிய்க்கிற அளவுக்கு இற்றிருக்கும்.

இதற்கு நேர்மாறாக, பார்த்ததும் நம்மைப் பயமுறுத்துகிற அந்தச் சாம்பல் நிறத்தால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்கள் மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னினைச் சிதைக்கின்றன, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, வெளிறிய நார் மட்டும் மேலே நிற்கிறது. நடப்பதெல்லாம் மேல்தோலோடு சரி. பைன் போன்ற மென்மரங்களில்கூட இப்படி வெயிலாலும் மழையாலும் தேய்வது 100 வருஷத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர்தான். சாம்பல் பூத்த பலகை மேல் இழைப்புளியை இரண்டு தள்ளு தள்ளிப் பாருங்கள், உள்ளே அதன் சொந்த நிறமும் ரேகையும் அப்படியே இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து எத்தனை நல்ல பலகைகள் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சரி, எப்படிச் சோதிப்பது? காலைச் சுற்றி ஒரு கை ஆழத்துக்கு மண்ணை விலக்கிவிட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரால் நன்றாக அழுத்திக் குத்துங்கள். முனை இறங்க மறுத்தால் நல்ல மரம், பொதுக்கென்று இறங்கினால் போய்விட்டது என்று அர்த்தம். இதைவிட நம்பிக்கையான சோதனை, முனையைச் சாய்வாகக் குத்தி மரத்தைக் கொஞ்சம் நெம்பிப் பார்ப்பது. நல்ல மரம் நீளமான சிராயாகப் பிளந்து எழும்பும். பூஞ்சை பிடித்த மரம் குட்டையாக, பட்டென்று ஒடிந்து துண்டுதுண்டாக உதிரும். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே உளுத்திருக்கும் கால்களை இது காட்டிக்கொடுத்துவிடும். சுத்தியலால் தட்டினால் வரும் சத்தத்தையும் கேளுங்கள், டொப்பென்று பொள்ளலான சத்தம் வருகிற இடத்தில் ஒரு சாக்பீஸ் குறி போட்டுவிட்டு நகருங்கள். மண்ணால் ஆன மெல்லிய குழாய்கள் காலைப் பிடித்து ஏறினால் கரையான். அதை ஒழிக்காமல் மற்ற எந்த வேலையையும் தொடங்காதீர்கள்.

வேலி சாய்வதற்குக் கால் இற்றுப்போவது மட்டும் காரணம் இல்லை. கால் கெட்டியாக இருந்து, சுற்றியிருக்கும் மண் இளகியதால் சாய்ந்திருக்கலாம். அப்படியானால் நிமிர்த்திவைத்து மண்ணைத் திமிசு போட்டு இறுக்கினாலே போதும். காலும் மண்ணும் நன்றாக இருந்து, குறுக்குச் சட்டம் சேர்கிற இடத்தில் ஆணி துருப்பிடித்து விட்டிருக்கலாம். காலை ஆட்டிப் பார்த்தால் எது ஆடுகிறது என்று தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் கடப்பாரையைத் தூக்காதீர்கள்.

கால் தரைமட்டத்தில் மட்டும் கெட்டு, மேலே நன்றாக இருக்கிறதா? முழுக்காலையும் மாற்றத் தேவையில்லை. பக்கத்திலேயே ஒரு குட்டையான கான்கிரீட் காலையோ பதப்படுத்திய, அதாவது இற்றுப்போகாமல் இருக்க மருந்து ஏற்றிய, மரக்காலையோ ஊன்றி, பழைய காலோடு ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு இறுக்கிவிடலாம். இற்ற பகுதியை வெட்டி எடுத்துவிட்டால், பழைய கால் மண்ணைத் தொடாமலே நிற்கும். பார்ப்பதற்கு ஒட்டுப்போட்டது தெரியும்தான், எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. வேலை செய்யும்போது அந்தப் பகுதி வேலிக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்துவிடுங்கள், ஒரு காலை விடுவித்ததும் முழுப் பாரமும் பக்கத்துக் கால்கள் மேல் விழும், அவையும் பழசு.

காலையே மாற்றுவதாக இருந்தால் குழியில்தான் எல்லாமே இருக்கிறது. ஆள் உயர வேலிக்கு, அதாவது 1.8 மீட்டருக்கு, குறைந்தது 60 சென்டிமீட்டர் ஆழம் வேண்டும், இளகிய மண்ணோ காற்று அதிகமோ என்றால் இன்னும் கொஞ்சம். அடியில் 10 சென்டிமீட்டர் அளவுக்கு ஜல்லி போட்டு, காலின் அடிமுனையை அந்த ஜல்லி மேலேயே உட்கார வைத்து, அப்புறம் பக்கவாட்டில் கான்கிரீட் கொட்ட வேண்டும். நிறையப் பேர் அடியிலும் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். காய்ந்த பிறகு மரம் கொஞ்சம் சுருங்கும், அந்த இடுக்கில் இறங்குகிற தண்ணீர் கிண்ணத்தில் நிற்கிற மாதிரி காலடியில் தேங்கிவிடும், கான்கிரீட் போட்டதே காலைக் கெடுத்ததாக ஆகிவிடும். கான்கிரீட்டின் மேல்பரப்பை மண்ணுக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து, காலிலிருந்து வெளிப்பக்கம் சரிவாகப் பூசுங்கள். தூக்குக்குண்டோ ரசமட்டமோ வைத்து இரண்டு முகத்திலும் நேர் பார்த்துவிட்டு, கான்கிரீட் இறுகும்வரை முட்டுக்கட்டைகளை எடுக்காதீர்கள்.

புதுக்கால் வாங்கும்போது வைரம் பாய்ந்த மரமா என்று வெட்டுமுகத்தைப் பாருங்கள். எவ்வளவு பேர்போன ஜாதி மரமாக இருந்தாலும் ஓரத்தில் இருக்கும் வெளுப்பான பகுதி மண்ணில் நிற்காது, தேக்கும் விலக்கில்லை. பதப்படுத்திய மரம் என்றால், ரம்பத்தால் அறுத்த முனையை மண்ணுக்குள் விடாதீர்கள். மருந்து உள்ளே முழுக்க இறங்கியிருக்காது, அறுத்த இடத்தில் மருந்து ஏறாத மரம் வெளியே வந்துவிடும்.

இப்போது பலகைகள். அழுத்தமான தண்ணீர் பீய்ச்சும் மெஷினால் கழுவினால் ஐந்து நிமிஷத்தில் பளிச்சென்று தெரியும், ஆனால் அது அழுக்கோடு சேர்த்து மென்மையான நாரையும் பிய்த்துக்கொண்டு போய்விடும், பலகை முழுக்க மயிர்மயிராக எழும்பி நிற்கும். நான் விரும்புவது சோடியம் பெர்கார்பனேட் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிருதுவான பிரஷால் ரேகையின் போக்கிலேயே தேய்த்துக் கழுவுவது. ஆணியைச் சுற்றி இறங்கியிருக்கும் கறுப்புக் கறை, இரும்பும் மரத்தின் டானினும் சேர்ந்து உண்டாவது; அது ஆக்ஸாலிக் அமிலத்துக்குத்தான் போகும். அமிலம் நச்சு, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், வேலை முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். பழைய ஆணிக்குப் பதிலாகத் துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஸ்க்ரூவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள். செம்பு கலந்த மருந்தில் பதப்படுத்திய மரத்தில் சாதா இரும்பு சீக்கிரமே அரித்துப்போகும்.

பூச்சு விஷயத்தில் என் பக்கம் தெளிவானது: பழைய வேலிக்குப் பெயின்ட் வேண்டாம், மரத்துக்குள் இறங்குகிற எண்ணெய்ச் சாயம்தான். பெயின்ட் மேலே தோலாகப் படிகிறது. மரம் விரிந்து சுருங்கும்போது அந்தத் தோல் எங்காவது வெடிக்கும், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அடியிலேயே நிற்கும், அடுத்த முறை முழுவதும் சுரண்ட வேண்டும். சாயம் உரியாது, மெல்ல மங்கும். கழுவிக் காயவைத்து மறுபடி ஒரு கை பூசினால் போதும். எதைப் பூசினாலும் வெட்டுமுனைகளை விட்டுவிடாதீர்கள். மரத்தின் ரேகை போகும் திசையில் தண்ணீர் பல மடங்கு வேகமாக உறிஞ்சப்படும், பலகையின் முகத்தைவிட அதன் தலையும் அடியும்தான் அதிகம் குடிக்கும். காலின் தலையைச் சரிவாக அறுத்துவிடுவதோ அதன் மேல் ஒரு மூடி வைப்பதோ சின்ன வேலை, பலன் பெரிது. இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது காயும்போது சூடாகும், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்துவிட்டோ வெளியே விரித்துக் காயப்போட்டோதான் வீச வேண்டும்.

பழைய மரத்தை மறுபடி பயன்படுத்தும் ஆசை இருந்தால் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். லேசான பச்சை நிறம் ஓடிய பழைய வேலி மரத்தில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்து ஏற்றப்பட்டிருக்கலாம். பல நாடுகளில் வேலி மரத்துக்கு ரொம்ப நாள் இதைத்தான் ஏற்றினார்கள். அமெரிக்காவில் 2003 முடிவோடுதான் வீட்டு உபயோக மரங்களுக்கு இது நின்றது. அப்படிப்பட்ட மரத்தை எரிக்கவே கூடாது, புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். காய்கறிப் பாத்திக்கும், குழந்தைகள் ஏறி விளையாடும் எதற்கும் வேண்டாம். பெயின்ட் அடித்த பழைய பலகை என்றால் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் உப்புத்தாளை வைக்காதீர்கள். எந்த மரம், என்ன மருந்து என்று தெரியாவிட்டால் வேலிக்கே மறுபடி போடுங்கள், அதுதான் பாதுகாப்பானது.

உண்மையில் எனக்கு மிகவும் பிடித்த மறுபயன்பாடும் அதுதான். பலகைகளின் அடிப்பகுதி ஒரு சாண் கெட்டிருந்தால் அதை அறுத்துத் தள்ளிவிட்டு, கீழே படுக்கை வாட்டில் ஒரு புதுப் பலகை கொடுத்தால் உயரம் பழையபடி வந்துவிடும். மண்ணின் ஈரத்தை அந்த ஒரு பலகை வாங்கிக்கொள்ளும், கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். வெயில் படாத முகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், திருப்பி அடித்தால் புதுப் பலகை மாதிரி தெரியும். கால்கள் அநேகமாக எல்லாமே போய்விட்ட வேலியாக இருந்தால் இரும்பு அல்லது கான்கிரீட் கால் நட்டு, பழைய பலகைகளை அதில் ஏற்றுவேன். சட்டமும் சேர்ந்து போயிருந்தால் மட்டும்தான் புது வேலி என்ற பேச்சே. மருந்து ஏறாத பலகை மிச்சமிருந்தால் கேட், பெஞ்ச், கொடி ஏறும் தட்டி, மக்கு உரத் தொட்டி என்று எவ்வளவோ செய்யலாம். ரம்பத்தை வைப்பதற்கு முன் ஒரு காந்தத்தைப் பலகை நெடுக ஓட்டிவிடுங்கள், தலை முறிந்து உள்ளே தங்கிய ஆணி ஒன்று போதும் பிளேடைப் பாழாக்க.

எல்லாம் முடிந்த பிறகு வேலியடியில் மண்ணும் சருகும் சேரவிடாமல் அவ்வப்போது வாரிவிடுங்கள். மறுபூச்சு எப்போது என்று காலண்டரைப் பார்க்க வேண்டாம். பலகை மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்துமுத்தாக நின்றால் இன்னும் பொறுக்கலாம், உடனே உள்ளே இறங்கி மரம் கறுத்தால் பூச வேண்டிய நேரம். கால்களின் தலைக்கும் பலகைகளின் வெட்டுமுனைக்கும் மட்டும் அதுவரை காத்திருக்காமல் முன்னாலேயே ஒரு கை பூசிவிடுவேன்.