கலெக்‌ஷன் பார்க்காத பஸ்

டியூபா சிட்டிக்கு வந்த முதல் வாரம், பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் "பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உனக்கு எங்கே போகணும்?" என்றார். எங்கே போகணும் என்று எனக்கே தெரியாது. ஊர் என்று ஒன்று இருந்தால் பஸ் ஸ்டாண்டு இருக்கும், அங்கே போய் நின்றால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. அரூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

பெயரில்தான் சிட்டி. 8,000 சொச்சம் பேர் வாழும் ஊர். அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் வடக்கே, நவஹோ பழங்குடி மக்களின் நிலத்துக்குள் இருக்கிறது. அந்த நிலம் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா என்று மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கிறது. பரப்பளவு ஏறக்குறைய 70,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். நான் ஜே-1 விசாவில் கணக்கு டீச்சராக வந்தேன். மூன்று வருடம், முடிந்தால் இன்னும் இரண்டு. அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர்கள் குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கச் சொன்னார்கள். கார் இல்லாமல் காலம் தள்ள முடியாது என்பதை மட்டும் சொல்லவில்லை. நானோ ஸ்கூட்டிகூட ஓட்டிப் பழகாதவள்.

பெரிய கடை, வங்கி, பல் டாக்டர் எதற்கானாலும் ஃபிளாக்ஸ்டாஃப் போக வேண்டும். 125 கிலோமீட்டர். பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஆசிரியர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பழைய கார் வைத்திருந்தார்கள். சனிக்கிழமை அதில் ஐந்தாவது ஆளாக ஒண்டிக்கொள்வேன், பெட்ரோலுக்குப் பங்கு கொடுத்துவிடுவேன். துவரம்பருப்பு வேண்டுமென்றால் ஃபீனிக்ஸ் போகிறவர்கள் யாரென்று விசாரித்துச் சொல்லி அனுப்ப வேண்டும். ஆறு மாதம் புளி இல்லாமல் தக்காளி ரசம் வைத்தே ஓட்டினேன். சரி, அது வேறு கதை.

பஸ் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. நவஹோ டிரான்ஸிட். நவஹோ மக்களின் சொந்த அரசே நடத்துகிறது, 1980லிருந்து ஓடுகிறது. எங்கள் ஊரிலிருந்து கிழக்கே, அவர்களுடைய தலைநகரான விண்டோ ராக் பக்கம் வார நாட்களில் ஒரு வண்டி போகும். ஒரு வழிக்கு ஏறக்குறைய 150 மைல். ஜூன் விடுமுறையில் சக ஆசிரியை ஒருவர் விண்டோ ராக்கில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டார். கூடவே காரில் வரச் சொன்னதை வேண்டாம் என்றேன். பஸ்ஸில் வருவேன் என்று பிடிவாதம்.

முதல் நாள் பஸ்ஸைத் தவறவிட்டேன். முழுக்க என் தப்பு. அரிசோனாவில் கோடைக்காலத்துக்கென்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் வழக்கம் கிடையாது. நவஹோ நிலத்தில் மட்டும் உண்டு. அதற்குள்ளே தீவு மாதிரி இருக்கும், ஹோப்பி என்ற இன்னொரு பழங்குடி மக்களின் நிலத்தில் கிடையாது. சாலைக்கு இந்தப் பக்கம் டியூபா சிட்டி, அந்தப் பக்கம் மோயன்கோப்பி என்ற ஹோப்பி கிராமம். கோடையில் இங்கே எட்டு மணி என்றால் அங்கே ஏழு. என் போன் எந்த டவரிலிருந்து நேரத்தை எடுத்ததோ, பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட்ட பெருமையோடு நின்றேன். பஸ் போய் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. ராத்திரி வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "ஏம்மா, கணக்கு டீச்சர்தானே நீ?" என்றார்.

மறுநாள் சுவர்க் கடிகாரத்தை நம்பிப் போய் ஏறினேன். கண்டக்டர் இல்லை. வண்டியும் நம்மூர் மினி பஸ்ஸைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஓட்டியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு பாட்டி, கல்லூரிப் பையன் ஒருவன், கார் நின்றுபோனதை ஏறியதிலிருந்து திட்டிக்கொண்டே வந்த ஒருவர், நான். அவ்வளவுதான் கூட்டம்.

பாட்டியை எல்லோரும் 'ஷிமாசானி' என்றார்கள். தாய்வழிப் பாட்டி என்று அர்த்தம். நாங்கள் 'அம்மாயி' என்போமே, அதேதான். சொந்தமில்லாத வயதானவர்களையும் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பாட்டி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உன் அம்மா எந்தக் குலம்?" நவஹோக்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்வதே குலம் சொல்லித்தான்: முதலில் அம்மாவுடையது, பிறகு அப்பாவுடையது. 'நீ யாரு வீட்டுப் பொண்ணு?' என்று கேட்கப்பட்டே வளர்ந்தவளுக்கு, கடல் தாண்டி வந்தும் அதே கேள்வியா என்று சிரிப்பு வந்தது. அம்மாவை முதலில் கேட்டது மட்டும் புதுசு.

சாலை ஹோப்பி நிலத்துக்குள் நுழைந்தது, வெளியே வந்தது, மறுபடி நுழைந்தது. பையனின் போனில் மணி முன்னும் பின்னும் தாவிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சிவப்பு மண், தூரத்தில் தட்டையான மேடுகள், எங்கோ ஒரு வீடு, அதற்கு நான்கு ஆடு. வீடுகளுக்குப் போகும் பாதைகள் பெரும்பாலும் மண் பாதைகள்தான். மழை பெய்தால் பள்ளி வேனே உள்ளே போகாது.

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "நான்கு பேரை வைத்து இவ்வளவு தூரம் ஓட்டினால் எப்படிக் கட்டுப்படியாகும்?" என்று ஓட்டுநரிடம் கேட்டுவிட்டேன். எங்கள் ஊருக்கு 1990களின் கடைசியில் மினி பஸ் வந்தது. வாசலில் கோலம் போட்டு வரவேற்றோம். தனியார் வண்டி, இரண்டு வருடம் பாட்டு போட்டுக்கொண்டு வந்தது, பிறகு 'கலெக்‌ஷன் இல்லை' என்று நின்றது. கேள்வி அந்த வயிற்றெரிச்சலிலிருந்து வந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஆள் கணக்கைவிட எங்களுக்கு மைல் கணக்குதான் முக்கியம்" என்றார். ஒரு தாளில் மைல் எழுதி வைத்திருந்தார்.

வீடு திரும்பியதும் இணையத்தில் தேடி உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் 50,000 பேருக்குக் குறைவான ஊர்களின் பஸ்ஸுக்கு ஒன்றிய அரசு தரும் மானியத்துக்குப் பிரிவு 5311 என்று பெயர். அது மாநிலங்கள் வழியாகப் போகிறது. வண்டி வாங்கப் பொதுவாக 80 சதவீதம், ஓட்டும் செலவில் பாதி. மீதியை உள்ளூர் போட வேண்டும். வரி வருமானம் அதிகம் இல்லாத பழங்குடி அரசு எங்கே போகும்? மாநிலத்திடம் கையேந்துவது அவர்களுக்குக் கௌரவப் பிரச்சினையும்கூட. அவர்கள் ஒப்பந்தம் போட்டது ஒன்றிய அரசோடு, அரிசோனாவோடு இல்லை. 2005இல் வந்த சட்டம்தான் பழங்குடி அரசுகளுக்கு நேரடியாகப் பணம் தரும் வழியைத் திறந்தது. 2006இல் 80 லட்சம் டாலர். 2012 சட்டத்தில் வருடத்துக்கு 3 கோடி, 2015 சட்டத்தில் 3.5 கோடி, 2021 சட்டத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். இதில் பெரும்பகுதி சூத்திரத்தின்படி பிரிகிறது, அந்தப் பகுதிக்கு உள்ளூர்ப் பங்கு கேட்பதில்லை.

சூத்திரம் என்றால் கணக்கு டீச்சர் விடுவேனா? ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பாதிப் பணம், பயணிகளுக்காக ஓடிய மைல்களின் விகிதத்தில். காலியாகப் பணிமனைக்குப் போகும் தூரம் சேராது. கால் பங்கு, வருடத்துக்கு 2,00,000 மைலுக்குக் குறையாமல் ஓட்டும் பழங்குடி அரசுகளுக்குச் சமமாக. மீதிக் கால், பழங்குடி நிலத்தில் வாழும் ஏழைகளின் எண்ணிக்கையைப் பார்த்து. அதற்கு ஆயிரம் பேருக்கு மேல் இருக்க வேண்டும், ஒரு பழங்குடி அரசுக்கு 3,00,000 டாலருக்கு மேல் போகக் கூடாது.

"டியூபா சிட்டியிலிருந்து விண்டோ ராக் போய் வர 300 மைல். வருடத்துக்கு 250 நாள். எத்தனை தடம் இருந்தால் இரண்டு லட்சம் தாண்டும்?" ஒரு தடத்துக்கு 75,000 மைல், மூன்று தடம் போதும். பின்வரிசைப் பையன் ஒருவன், வழக்கமாகத் தூங்குகிறவன், நிமிர்ந்தான். "மிஸ், அப்படியென்றால் நாம் ஒருத்தருக்கொருத்தர் தூரமாக இருப்பதற்குக் காசு தருகிறார்களா?" வகுப்பே சிரித்தது. எனக்கு அந்த மினி பஸ் ஞாபகம்தான். எங்கள் ஊரில் தூரம்தான் பஸ்ஸை நிறுத்தியது. இங்கே அதே தூரத்தைக் காட்டிப் பணம் வாங்குகிறார்கள்.

முன்வரிசைப் பெண் அதோடு விடவில்லை. 2015 சட்டத்தின் 3.5 கோடியை நாட்டில் உள்ள பழங்குடி இனங்களின் எண்ணிக்கையால், 570 என்று வைத்து, வகுத்துக் காட்டினாள். இனம் ஒன்றுக்கு 61,400 டாலர். "இதில் ஒரு பஸ்கூட வராது, மிஸ்." எல்லாப் பழங்குடி அரசுகளும் பஸ் ஓட்டுவதில்லை, அதனால் ஓட்டுகிறவர்களுக்குக் கூடக் கிடைக்கும் என்றேன். "ஓட்டாதவர்கள் வேண்டாம் என்றா ஓட்டவில்லை?" என்றாள். மைல் இருந்தால் பணம், பணம் இருந்தால்தான் மைல். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தனியே போட்டி முறையில் ஒரு சிறு தொகை உண்டு, வருடத்துக்கு 50 லட்சம் என்று இருந்தது. அதற்கும் விண்ணப்பம் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். பொதுவாக இந்த மானியமெல்லாம் முதலில் கைக்காசைச் செலவு செய்து, கணக்குக் காட்டித் திரும்பப் பெறுவது. அந்தப் பெண்ணின் வகுத்தல் சரி. பதில் சொல்லாமல் மணி அடித்ததும் வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது வருடம் வீட்டுக்காரரும் மகளும் வந்தார்கள். லைசென்ஸ் எடுத்து, பழைய கார் ஒன்றும் வாங்கினேன். பஸ்ஸைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுக் கார் வாங்கியதில் எனக்கும் கூச்சம் உண்டுதான். ஆனால் ஆறு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் வார நாளாகப் பார்த்து வருவதில்லை.

போன மாதம் காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் அந்த அம்மாயி நிற்பதைப் பார்த்தேன், தோளில் போர்வை, கையில் ஆஸ்பத்திரி அட்டை. காரை ஓரங்கட்டி, "வாங்க, எங்கே போகணுமோ விட்டுடறேன்" என்றேன். குனிந்து உள்ளே பார்த்தார். மகளைப் பார்த்துச் சிரித்தார். "பஸ் வரும்" என்றார். பிறகு மணி கேட்டார். கைக்கடிகாரத்தைக் காட்டினேன்.

"இது யாருடைய மணி?" என்றார்.