‘அப்புறம் சும்மாதான் இருந்தேன்’: 11 படிவங்கள் வீணான கதை

முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்கப் போயிருந்தேன். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பார்த்து நானே போட்ட படிவம்: அதிகாலை 4 மணி முதல் மறுநாள் 4 மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டம், மொத்தம் 48. சம்பளமில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றது அந்தக் கணக்கெடுப்புதான். (அந்த 97 நிமிடமும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி மட்டுமே, செய்யாதவர்கள் அதில் இல்லை!)

முதல் வீட்டிலேயே சறுக்கல். “நேத்து என்னென்ன வேலை பார்த்தீங்க அக்கா?” “பீடி சுத்துனேன்.” “அப்புறம்?” “அப்புறம் சும்மாதான் இருந்தேன்.” சொல்லிக்கொண்டே மறுநாளைக்கான இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைக்கிறார், நடுவில் குழந்தைக்குச் சோறு, பக்கத்தில் உட்கார்ந்து பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லும் மாமியார் வேறு. ஒரே நேரத்தில் செய்யும் இரண்டாவது வேலையையும் அரசுக் கணக்கெடுப்பில் குறித்திருக்கிறார்கள், நான்தான் தாள் மிச்சமாகட்டும் என்று என் படிவத்தில் அதற்கான பத்தியை வெட்டியிருந்தேன். புத்திசாலித்தனம்! இப்படியே 11 படிவம் நிரப்பிய பிறகுதான் உறைத்தது.

அப்புறம் ‘வேலை’ என்ற சொல்லையே விட்டுவிட்டேன். மணி கேட்பதையும் விட்டு, குழாயில் தண்ணீர் வந்தப்போ எங்கே இருந்தீங்க, ஸ்கூல் வண்டி போனதும் என்ன செஞ்சீங்க, கை அதைச் செய்யும்போது கண் எதைப் பார்த்துச்சு என்று கேட்டேன். நாலு பேர் சேர்ந்து சுற்றும் திண்ணையில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது, ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிப்பார்: “ஏட்டி, ரேஷன் கடைல கால் கடுக்க நின்னியே, அதச் சொல்லு!” ஆனால் வீட்டுக்காரரின் குடி, நகை அடகு எல்லாம் திண்ணையில் வராது, அதற்குத் தனியாகத்தான் போக வேண்டும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்டதும் மகளிர் உரிமைத்தொகையை வெட்ட வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் பேசி, வாய்மொழி ஒப்புதலாக மாற்றிக்கொண்டேன்.

அவர்களும் கேட்பார்கள்: கல்யாணம் ஆயிட்டா, இதுக்கு எவ்வளவு சம்பளம்? பேட்டி எடுப்பவர் தன்னைப் பற்றிப் பேசக்கூடாது என்று வகுப்பில் படித்தது. பெண்களைப் பேட்டி எடுக்கும்போது அது சரிவராது என்று பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆன் ஓக்லி 1981-லேயே எழுதிவிட்டார். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், உதவித்தொகை 4 மாதமாக வராததையும் சேர்த்து. அன்றைக்குத்தான் ஒரு அக்கா முதல்முறையாகத் தன் கடன் கணக்கைச் சொன்னார்.

வீணான அந்த 11 படிவங்களையும் பின்னிணைப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார் நெறியாளர். இன்னும் தட்டச்சு செய்யவில்லை.