பலி புலியான சனிக்கிழமை

நான் இப்போது குடியிருக்கும் ஒன்டாரியோ ஊரில் தேவாலய வாசல்களில் சாலையைப் பார்த்தபடி ஒரு பலகை நிற்கும். பிளாஸ்டிக் எழுத்துகளை ஒவ்வொன்றாக மாட்டி அடிக்கடி வாசகத்தை மாற்றுவார்கள். போன மாதம் என் மகள் ஒன்றைப் படம் பிடித்து வந்து காட்டினாள். மேல்வரியில் 'மூத்தோருக்குக் காலை விருந்து' என்ற பொருளில் ஒரு வரி; அதற்கு நேர் கீழே 'கல்லறை இடம் கிடைக்கும்'. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்த கையோடு எனக்குக் குன்னூர் ஞாபகம் வந்துவிட்டது. நம் பள்ளி மேட்டிலிருந்து இறங்கும் படிக்கட்டு முடிகிற இடத்தில் இருந்த சின்னக் கோயிலும் அதன் கரும்பலகையும், இந்த மலரைப் படிக்கும் பழைய மாணவர்களான உங்களுக்கும் நினைவிருக்கும்.

ஊட்டி ஸ்டீபன் ஆலயத்தில் பார்க்க என்னென்னவோ உண்டு. 1830இல் பிரதிஷ்டை செய்த கோயில். திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து வந்த உத்தரங்களை அண்ணாந்து பார்க்கவே ஆட்கள் வருவார்கள். நம் கோயிலுக்குத் தகரக் கூரையும் அந்தப் பலகையும்தான். நாம் நின்று படித்தது இதைத்தான்.

எழுதுகிறவர் உபதேசியார். முதல் நாளே சாக்பீஸைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிடுவார். எழுத்து உதிராமல் பளிச்சென்று நிற்கும். வெயிலடிக்கும் நாட்களில் எறும்புகள் 'கர்த்தர்' மேல் வரிசை கட்டி ஊரும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து நம் பாடப்புத்தகம் மாறியும் அவர் கை மாறவில்லை. லை, னை எல்லாம் பழைய முறையில் துதிக்கை வைத்துத்தான் எழுதுவார். அதையே பிழை என்று எண்ணிச் சிரித்தவர்கள் நாம்.

சிரிக்க வேறு சங்கதிகளும் இருந்தன. 'உபவாசக் கூட்டம் காலை 10 மணி. மதியச் சாப்பாடு உண்டு.' இன்னொரு வாரம்: 'செய்தி: நீடிய பொறுமை. சரியாக 3 மணிக்குத் தொடங்கும். யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம்.' விடுதியே இதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தது.

ஆனால் புலிக்கு ஈடாக எதுவும் வரவில்லை. ஊட்டிக்கு ஆடி மழை என்றால் குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகைதான். 1982 ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, 'நாளை மாலை ஸ்தோத்திரபலி செலுத்தப்படும்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். பலகைக்கு மேலிருந்த தகரத்தில் ஓர் ஓட்டை. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் பகரத்தின் வலது மூலையில் கோத்து, சர்க்கரையையும் சுண்ணாம்பையும் இழுத்துக்கொண்டு நேராகக் கீழே இறங்கியிருந்தது. ப, பு ஆகிவிட்டது. மற்ற எழுத்து ஒன்றுகூடக் கலையவில்லை. 'நாளை மாலை ஸ்தோத்திரபுலி செலுத்தப்படும்.'

நாங்கள் ஐந்து பேர். ஒருவன் உறுமினான். நான் பையிலிருந்த சாக்பீஸை எடுத்துப் புலிக்கு நீளமாக ஒரு வால் போட்டேன். திரும்பினால் பின்னால் குடையோடு உபதேசியார்.

திட்டுவார் என்று நின்றோம். அவர் பலகையைப் படித்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கேட்டார்: "ஸ்தோத்திரபலின்னா என்னன்னு தெரியுமா தம்பி?"

தெரியாது.

"எபிரெயர் 13:15 எடுத்துப் பாருங்க. உதடுகளின் கனின்னு போட்டிருக்கு. ஆடு வேண்டாம், மாடு வேண்டாம். வாயால நன்றி சொன்னாப் போதும், அதுதான் பலி."

அவர் சிரித்த தைரியத்தில் நான் கேட்டேன்: "அப்போ உபவாசத்துக்கு எதுக்குங்க ஐயா சாப்பாடு?"

"எஸ்டேட்ல ஆறு நாள் கொழுந்து பறிச்சுட்டு, ஏழாம் நாள் வெறும் வயித்தோட நடந்து வராங்க. திரும்ப மேடு ஏறணுமே தம்பி. ஒரு மணிக்கு ஜெபத்தை முடிச்சுக் கஞ்சி ஊத்தித்தான் அனுப்பணும்."

காத்திருக்க மாட்டோம் என்றதற்கும் கொழுந்து பறிக்கும் அந்தப் பெண்கள்தான் காரணம். இருட்டுவதற்குள் அவர்கள் லயத்துக்கு, அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புக்குப் போய்ச் சேர வேண்டும். தேயிலைக்கு நடுவே போகும் அந்தப் பாதையில் கரடி நடமாட்டம் இருந்தது.

வாலை என்னையே அழிக்கச் சொன்னார். வரி முழுவதையும் திரும்ப எழுதச் சொன்னார். நான் எழுதி முடிக்கும் வரை குடையைப் பலகைக்குப் பிடித்துக்கொண்டு அவர் நனைந்தார். அடுத்த சனிக்கிழமையும் கூப்பிட்டார். பள்ளி முடியும் வரை அந்தப் பலகையை நான்தான் எழுதினேன். புள்ளி விட்டுப் போனால் மட்டும் ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுவார்.

நம் வாட்ஸ்அப் குழுவில் இப்படிப்பட்ட பலகைப் படங்கள் வாராவாரம் வருகின்றன. வரட்டும், எனக்கும் பிடிக்கும். 'இவர்களுக்குத் தமிழே தெரியாதா' என்று கீழே ஒருவர் எழுதும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த எழுத்தை எழுதியவர் எந்த மழையில் நின்று எழுதினாரோ! வாசகத்தைப் பார்த்துச் சிரியுங்கள், எழுதிய ஆளை இளக்காரம் செய்யாதீர்கள் என்று குழுவில் இரண்டு முறை எழுதிவிட்டேன். இந்த மலரிலும் எழுதுகிறேன்.

ஒரு வேண்டுகோள். 1984இல் பத்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது அந்தப் படிக்கட்டில் நின்று எடுத்த குழுப்படத்தில், இடது ஓரமாகப் பலகையும் விழுந்திருந்தது. ஊரில் அம்மா வைத்திருந்த என் பிரதியில் அந்த ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. அந்த வாரத்து வரியை எழுதியது நான்தான், என்ன எழுதினேன் என்பது மறந்துபோயிற்று. உங்களில் யாரிடமாவது முழுப்படம் இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்.